மாணவர் கையில் பொறுப்பு: வளாக ஊழியம் சொல்லும் இருநூறு ஆண்டுப் பாடம்

ஜொகூரில் ஸ்கூடாய்க்கோ பாரிட் ராஜாவுக்கோ பல்கலைக்கழகப் படிப்புக்காகப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்குக் கவலைகள் பல. படிப்பு எப்படிப் போகுமோ, சாப்பாடு ஒத்துக்கொள்ளுமோ, பி.டி.பி.டி.என். கடன் கைக்கு எப்போது வருமோ என்று அந்தப் பட்டியல் நீளும். கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்னொரு கவலையும் சேர்ந்துகொள்ளும். ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலும் வளர்ந்த பிள்ளை, வீட்டை விட்டுப் போனபின் ஜெபத்தையும் வேத வாசிப்பையும் மறந்துவிடுமோ என்பதே அது.

இந்தக் கவலைக்குப் பதிலாக உலகெங்கும் வளர்ந்து நிற்பதுதான் கல்லூரி வளாக ஊழியம். பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் வாரம் ஒருமுறை கூடுவார்கள். பாடுவார்கள், வேதத்தில் ஒரு பகுதியை எடுத்து வசனம் வசனமாகக் கேள்வி எழுப்பிப் படிப்பார்கள், ஒருவர் மற்றவருக்காக ஜெபிப்பார்கள். புதிய மாணவர் வந்தால் வரவேற்பார்கள். தேர்வு நேரத்தில் தளர்ந்துபோன நண்பனுக்குத் தோள் கொடுப்பார்கள். பார்ப்பதற்குச் சிறிய காரியம்தான்.

ஆனால், இதை நடத்த வேண்டியவர் யார்? அனுபவம் நிறைந்த போதகரும் மூப்பர்களும் வந்து நடத்தித் தருவதா? இல்லை, இருபது வயது மாணவர்களே தலைமையேற்று நடத்துவதா? இந்தக் கேள்விக்கு வரலாறு தரும் பதில் பல பெரியவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

மழையில் பிறந்த யோசனை

1806-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ஐந்து மாணவர்கள் திறந்தவெளியில் கூடி ஜெபிக்கச் சென்றார்கள். இடியும் மழையும் வந்ததால் ஒரு வைக்கோல் போரின் அடியில் ஒதுங்கினார்கள். ஆசியாவுக்கு நற்செய்தியாளர்களை அனுப்ப வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் எழுந்தது. அதுவரை அமெரிக்காவில் அப்படிக் கடல் கடந்து ஆள் அனுப்பும் சங்கமே இருக்கவில்லை. அந்த இளைஞர்கள் விடாமல் வற்புறுத்தியதன் பலனாக 1810-இல் பெரியவர்கள் அமெரிக்க மிஷன் சங்கத்தை அமைத்தார்கள்.

இதற்கும் தமிழருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நெருங்கிய தொடர்பு உண்டு. அந்தச் சங்கம் அனுப்பியவர்கள்தான் 1816-இல் யாழ்ப்பாணம் வந்தவர்கள். அவர்கள் 1823-இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி, தமிழிலும் ஆங்கிலத்திலும் உயர்ந்த கல்வி தந்து புகழ் பெற்றது. 1855-இல் அது மூடப்பட்டபோது, அதில் படித்த பழைய மாணவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. மீண்டும் ஓர் உயர்கல்விக்கூடம் வேண்டும் என்று முயன்று பணம் திரட்டினார்கள். 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது.

அந்தக் கல்லூரியில் 1884-இல் மாணவர்களிடையே ஒய்.எம்.சி.ஏ. கிளை ஒன்று தொடங்கப்பட்டது. ஆசியாவின் முதல் மாணவர் ஒய்.எம்.சி.ஏ. என்று அது குறிப்பிடப்படுகிறது. பிராங்க் சாண்டர்ஸ் என்ற இளம் அமெரிக்க ஆசிரியர் அதற்குத் தூண்டுகோலாக இருந்தார். பிற்காலத்தில் மலாயாவுக்குக் கப்பலேறி வந்து இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணிகளாகப் பணியாற்றிய யாழ்ப்பாணத் தமிழர்கள், இத்தகைய பள்ளிகளும் கல்லூரிகளும் உருவாக்கிய சமூகத்திலிருந்து வந்தவர்களே.

கடல் கடந்த மாணவர் பணம்

1900-ஆம் ஆண்டை ஒட்டி யாழ்ப்பாண மாணவர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். மற்ற நாட்டுக்கு ஊழியரை அனுப்புவது வெள்ளைக்காரர் வேலை என்றே எல்லாரும் எண்ணியிருந்த காலம் அது. அந்த மாணவர்கள் தங்களுக்கென்று ஓர் அயல்நாட்டு ஊழியச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். பாக்கு நீரிணைக்கு அக்கரையில், இராமநாதபுரக் கடற்கரையில் உள்ள தொண்டிப் பகுதியைத் தங்கள் பணிக்களமாகத் தேர்ந்தெடுத்து அதைத் தாங்கினார்கள். இதுவரை பெற்றுக்கொண்டே இருந்தவர்கள் கொடுப்பவர்களாக மாறியதுதான் இதிலுள்ள புதுமை.

1902-இல் இதை நேரில் கண்டு நிலைகுலைந்தவர் ஒரு தமிழ் இளைஞர். அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். பட்டத்தை முடிக்காமலே 1895-இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகி, தென்னிந்திய மாணவர்களிடையே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். தமிழைக் கற்றுப் பேசிய அமெரிக்க நண்பர் ஷெர்வுட் எட்டியுடன் யாழ்ப்பாணம் சென்றபோதுதான் அந்த மாணவர்களின் சங்கத்தைப் பற்றி அவர் அறிந்தார்.

எண்ணிக்கையில் சிறிய யாழ்ப்பாணத் திருச்சபையால் முடிந்தது, அதைவிடப் பல மடங்கு பெரிய திருநெல்வேலித் திருச்சபையால் ஏன் முடியவில்லை? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. ஊர் திரும்பியதும் நண்பர்களைக் கூட்டினார். 1903 பிப்ரவரி 12-ஆம் நாள் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியரின் பணம், இந்திய ஊழியர், இந்தியரின் நிர்வாகம் என்ற மூன்றும் அதன் அடிப்படை விதிகள். ஐதராபாத் நிஜாம் ஆட்சியில் இருந்த தெலுங்குப் பகுதியான தோர்ணக்கல்லுக்குத் தமிழ் ஊழியர்கள் சென்றார்கள். 1909-இல் அசரியாவே குருவாகி அங்கே போய்ச் சேர்ந்தார். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

வைக்கோல் போரின் கீழ் ஐந்து அமெரிக்க மாணவர்கள். வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாண மாணவர்கள். அவர்களைப் பார்த்துத் திருநெல்வேலி இளைஞர். நூறாண்டுச் சங்கிலியின் முக்கியக் கண்ணிகளில் இளையோர் நிற்கிறார்கள். பெரியவர்கள் பின்னால் வந்து கைகொடுத்தார்கள்.

புதுமை எங்கே இருக்கிறது?

புதுமை என்றதும் இன்று பலருக்கும் கிட்டாரும் திரையும் கைப்பேசிச் செயலியும்தான் நினைவுக்கு வருகின்றன. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது கூட்டங்கள் கைப்பேசித் திரைக்கு மாறின. அதுவும் தேவையான மாற்றமே. ஆனால், கருவி மாறுவதால் மட்டும் ஊழியம் புதிதாகிவிடாது. பொறுப்பு யார் கையில் இருக்கிறது என்பது மாறும்போதுதான் உண்மையான புதுமை பிறக்கிறது. யாழ்ப்பாண மாணவர்களிடம் விஞ்ஞான வசதி எதுவும் இருக்கவில்லை. தங்கள் பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்யும் உரிமை இருந்தது. அந்த உரிமைதான் அவர்களைச் சிந்திக்க வைத்தது.

இந்தப் பாடத்தைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். 1954-இல் இந்தியாவில் யு.இ.எஸ்.ஐ. எனப்படும் சுவிசேஷ மாணவர் ஐக்கியம் உருவானது. சென்னை மாநிலக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் எச். ஏனோக் அதன் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவர். அதன் அமைப்பு முறை எளிமையானது. கல்லூரிக் குழுவை மாணவர்களே நடத்துவார்கள். படித்து முடித்து வேலைக்குப் போனவர்கள் பட்டதாரிகள் ஐக்கியமாகச் சேர்ந்து, ஜெபத்தாலும் பணத்தாலும் ஆலோசனையாலும் தாங்குவார்கள். முழுநேர ஊழியர்கள் சிலர் ஊர் ஊராகச் சென்று மாணவர் தலைவர்களுக்குப் பயிற்சி தருவார்கள். கூட்டத்தை நடத்தித் தருவது அவர்கள் வேலையன்று. நடத்தக் கற்றுக்கொடுப்பதே வேலை.

மாணவர் இயக்கம் ஆசியத் திருச்சபைக்குத் தந்த இன்னொரு தமிழர் டி.டி. நைல்ஸ். 1908-இல் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் பிறந்த இந்த மெதடிஸ்ட் போதகர், 1953-இல் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தின் தலைவரானார். ஆசியத் திருச்சபைகள் மேற்கை எதிர்பாராமல் ஒன்றுசேர வேண்டும் என்று பாடுபட்ட அவர், கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டின் பொதுச் செயலாளராகவும் இருந்தார். அந்த அமைப்பின் தொடக்கப் பேரவை 1959 மே மாதம் கூடியது நம் கோலாலம்பூரில்தான். 1963-இல் அந்த அமைப்பு வெளியிட்ட பாடல் நூலுக்கும் அவரே ஆசிரியர். தமிழ் உட்பட ஆசிய மொழிகளின் பாடல்களும் மெட்டுகளும் அதில் இடம்பெற்றன. இறக்குமதிப் பாட்டை மட்டுமே பாடிக்கொண்டிருந்த சபைகளுக்கு அது பெரிய புதுமை.

ஜொகூர் மாணவர் நிலை

மலேசியாவில் இந்த ஊழியத்துக்கு எல்லைகள் தெளிவானவை. முஸ்லிம்களிடையே பிற சமயப் பிரச்சாரத்தைக் கட்டுப்படுத்த, கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது விதி சட்டமியற்ற இடமளிக்கிறது. ஜொகூர் மாநிலத்திலும் அதற்கான சட்டம் உண்டு. ஆகவே, இங்கே வளாக ஊழியம் என்பது கிறிஸ்தவ மாணவர்கள் தங்கள் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதும், ஒருவரை ஒருவர் தாங்குவதும், மற்றவரோடு நல்ல நண்பர்களாக வாழ்வதுமாகும். 1971-ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டமும் மாணவர் அமைப்புகளை நீண்ட காலம் இறுக்கமாக வைத்திருந்தது. அண்மைய ஆண்டுகளில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம், மாணவர் பேரவைகள் தங்கள் நிதியைத் தாங்களே நிர்வகிக்க வழிசெய்தது. பணப் பொறுப்பை இளையோர் கையில் கொடுக்கலாம் என்று சட்டமே நம்பத் தொடங்கியிருக்கிறது.

தமிழ் மாணவருக்கு மற்றொரு தடையும் உண்டு. தமிழ் மெதடிஸ்ட், லுத்தரன் சபைகளில் தமிழ்ப் பாட்டும் தமிழ் வேதமுமாக வளர்ந்தவர், ஆங்கிலத்தில் நடக்கும் வளாகக் கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்குகிறார். தோட்டப்புறத்திலிருந்து வந்த பிள்ளை என்றால் தயக்கம் இரட்டிப்பாகும். பின்வரிசையில் அமர்ந்து, இரண்டாம் பருவத்தில் காணாமற்போய்விடுவார். இவரைத் தேடிப்பிடிக்க வெளியிலிருந்து வரும் போதகரால் முடியாது. பக்கத்து அறையில் தங்கியிருக்கும் சக மாணவரால் முடியும். தமிழில் ஒரு சிறு குழுவைத் தொடங்குவோமா என்று கேட்க, அந்தச் சக மாணவருக்குத் துணிவும் உரிமையும் இருக்க வேண்டும். மாணவர் தலைமைத்துவத்தின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது.

ஒப்படைக்கும் கலை

மாணவர் தலைமையில் ஆபத்து இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று நான்கு ஆண்டுகளில் ஒவ்வொரு தலைவரும் வெளியேறிவிடுவார். நன்றாகப் பேசும் ஒருவரையே சுற்றி வளர்ந்த குழு, அவர் பட்டமளிப்பு விழாவோடு கலைந்துவிடும். ஊழியத்தில் மூழ்கிப் படிப்பைக் கோட்டைவிடுபவர்களும் உண்டு. அசரியா பட்டத்தை முடிக்காமல் போனது அவர் வாழ்க்கையில் நடந்த ஒன்று; அதை யாரும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கணக்கு வழக்கில் கவனம் இல்லையென்றால் நட்பும் கெடும், நற்பெயரும் கெடும்.

இவற்றுக்கு மருந்து, பொறுப்பைத் திரும்பப் பறித்துக்கொள்வதன்று. ஒப்படைக்கும் முறையைக் கற்பதே. முதலாம் ஆண்டிலேயே ஒருவருக்குச் சிறு வேலை தரலாம். இரண்டாம் ஆண்டில் துணைப் பொறுப்பும், அடுத்த ஆண்டில் தலைமையும் தரலாம். கடைசி ஆண்டில் அவர் அடுத்தவருக்குப் பக்கத்துணையாக நிற்கலாம். குழுவின் வரவு செலவை எல்லார் முன்னிலையிலும் வாசிக்கலாம். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி அடுத்த குழுவிடம் கொடுக்கலாம். செலவில்லாத இந்தப் பழக்கங்களே ஒரு குழுவைப் பல தலைமுறைக்கு வாழ வைக்கும்.

பெரியவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அசரியா பேசியபோது, மேலைநாட்டாரின் தியாகத்தையும் கொடைகளையும் நன்றியோடு ஒப்புக்கொண்டார். ஆனால், இந்தியர்கள் கேட்பது அவற்றுக்கும் மேலான ஒன்று என்றார். அது நட்பு. மேலிருந்து கொடுப்பவர்களாக இல்லாமல் சமமாக அமரும் நண்பர்களாக வாருங்கள் என்பதே அவர் பேச்சின் சாரம். அரங்கில் சிலருக்கு அது கசந்தது. ஆனால், அந்த மாநாட்டில் இன்றும் நினைவுகூரப்படும் பேச்சு அதுதான்.

அன்று இந்தியர் மேலைநாட்டாரிடம் கேட்டதையே, இன்று மாணவர்கள் தங்கள் சபைப் பெரியவர்களிடம் கேட்கிறார்கள். மண்டபத்துக்கு வாடகை கட்டித் தருவதும், சாப்பாடு வாங்கித் தருவதும் நல்ல காரியங்கள். அவற்றோடு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருக்கும் மனமும் வேண்டும். முதல் முயற்சி தவறினால், அடுத்த முறையும் அவர்களிடமே பொறுப்பைக் கொடுக்கும் பெருந்தன்மை வேண்டும்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை, இந்து மாணவர் மன்றம், கோயில் இளைஞர் பகுதி என எல்லா இடத்திலும் இதே கேள்வி நிற்கிறது. இளையோர் வரவில்லையே என்று வருந்தும் இடங்களில், வந்தவர்களுக்கு நாற்காலி அடுக்கும் வேலையைத் தவிர வேறு என்ன கொடுத்தோம் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. அன்று மழைக்கு ஒதுங்கிய ஐவரும், கடலுக்கு அப்பால் கைநீட்டிய யாழ்ப்பாண மாணவர்களும் நாற்காலி அடுக்கியவர்கள் அல்லர். ஜொகூரின் அடுத்த அசரியா இப்போது எந்த விடுதியின் எந்த அறையில் படித்துக்கொண்டிருக்கிறாரோ, யாருக்குத் தெரியும்? அவர் கையில் ஒரு பொறுப்பைக் கொடுத்துப் பார்த்தால்தான் அது தெரியவரும்.