உங்களுக்குத் தெரியுமா? இரவு 10 மணி என்றால் விடிகாலை 3.30!

லினக்ஸ், மேக் கணினிகளின் கட்டளைத் திரையில் ‘எல்பி -எச் 22:00’ என்று தட்டி ஒரு கோப்பை அச்சுக்கு அனுப்பினால், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ தாள் வெளியே வருவது மறுநாள் விடிகாலை 3.30க்குத்தான்! அச்சுப் பணிகளைக் கவனிக்கும் ‘கப்ஸ்’ மென்பொருள் இந்தக் கட்டளையில் உள்ளூர் நேரத்தைப் பார்ப்பதில்லை. உலகப் பொது நேரத்தையே எடுத்துக்கொள்கிறது. இரவு 10 மணிக்கே வேண்டுமா? ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து, 16:30 என்று கொடுக்க வேண்டும்.

• காத்திருக்கும் பணிகளை ‘எல்பிஸ்டாட்’ காட்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ‘கேன்சல்’ கட்டளையோடு அந்த எண்ணைத் தந்தால் பணி ரத்து.

• முன்னுரிமை 1 முதல் 100 வரை. எதுவும் சொல்லாவிட்டால் 50. ஏற்கெனவே வரிசையில் நிற்கும் பணியைக்கூட ‘எல்பி -ஐ’ கொண்டு முன்னே நகர்த்தலாம். அவசர வேலைகளில் இது பெரிய உதவி.

• பழைய பேரலல் போர்ட் அச்சுப்பொறிகளுக்கான லினக்ஸ் நிரலில் ‘அச்சுப்பொறி தீப்பற்றி எரிகிறது’ என்னும் பொருளில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. தாள் இருந்து, இணைப்பும் சரியாக இருந்து, கருவி மட்டும் பிழை காட்டினால் இதுதான் திரையில் வரும்.

• கப்ஸின் மூலநிரலை ஆப்பிள் 2007-இல் விலைக்கு வாங்கியது.