கர்ப்பத்தின் கனியும் சரீரத்தின் எடையும்



மட்டாஞ்சேரியில் வாழ்கிற நம் தமிழ்க் குடும்பங்களில், திருமணமாகி ஓராண்டு கடந்தவுடன் ஒரு கேள்வி எழும்புகிறது: "விசேஷம் ஏதும் உண்டா?" ஊரிலிருந்து மாமியார் தொலைபேசியில் கேட்கிறார், ஆராதனை முடிந்ததும் சபையார் கேட்கிறார்கள். கேள்வி எப்போதும் மனைவியிடமே வருகிறது. அவளோ கண்ணீரோடு ஜெபிக்க வருகிறாள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒரு சகோதரிக்கு 21 நாள் உபவாசம் இருக்கும்படி நான் ஆலோசனை சொன்னேன். அவள் மிகவும் மெலிந்திருந்தாள். பல மாதங்களாக மாதவிலக்கு நின்றிருந்ததை நான் கேட்டறியவில்லை. ஒன்பதாம் நாள் மயங்கி விழுந்தாள். "முதலில் இவள் சாப்பிடட்டும்" என்றார் மருத்துவர். அந்த வார்த்தை என்னை வெட்கப்படுத்தியது. அக்குடும்பம் பின்பு வேறு நகரத்துக்குப் போய்விட்டது. அவர்களுக்காக இன்றும் ஜெபிக்கிறேன். இதை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

எடை ஏன் முக்கியம்?

கருமுட்டை மாதந்தோறும் முதிர்ந்து வெளிப்படுவதற்குச் சரீரத்தில் போதிய சத்தும் கொழுப்பும் வேண்டும். எடை மிகவும் குறைந்தால், கர்ப்பத்தைச் சுமக்கப் பெலன் இல்லையென்று சரீரம் அந்த வேலையை நிறுத்திவிடும். எடை மிகுந்தால் இன்சுலினும் மற்ற ஹார்மோன்களும் நிலைகுலைந்து, கருமுட்டை வெளிப்படுவது தடைபடும். சினைப்பை நீர்க்கட்டி உள்ள சகோதரிகளுக்கு இது அதிகம். புருஷருக்கும் இதில் பங்குண்டு: உடற்பருமன் விந்தணுக்களின் எண்ணிக்கையையும் தரத்தையும் குறைக்கக்கூடும். ஆகையால் பரிசோதனைக்கு இருவரும் சேர்ந்து செல்லுங்கள்.

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீடு. அது 18.5க்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு. இந்தியருக்கு 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடற்பருமன் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள சகோதரிக்கு ஏறக்குறைய 42 முதல் 51 கிலோ வரை ஏற்றது. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 25க்கு மேற்பட்ட குறியீடு உடையோர் தமிழ்நாட்டில் 40.4 சதவீதம், கேரளத்தில் 38.1 சதவீதம். விட்டு வந்த ஊரிலும் வந்து சேர்ந்த ஊரிலும் இதே நிலைதான்.

ஆயினும் சோர்ந்துபோகாதிருங்கள். அதிக எடையுள்ளவர்கள் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது. 60 கிலோ உள்ளவருக்கு அது மூன்று முதல் ஆறு கிலோ மட்டுமே. பரோட்டாவையும் பழம்பொரியையும் சர்க்கரை மிகுந்த தேநீரையும் குறைத்து, பயறு, காய்கறி, மீன் ஆகியவற்றைச் சேர்த்து, தினமும் அரைமணி நேரம் நடவுங்கள். ஓராண்டு காத்திருந்தும் கர்ப்பம் தரிக்காவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாதத்திலேயே செல்ல வேண்டும்.

கர்ப்பகாலத்தில்

கர்ப்பிணி இருவருக்காகச் சாப்பிட வேண்டும் என்பது பழைய எண்ணம். அதிக எடையுள்ளவர்களுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், அறுவைப் பிரசவம் ஆகியவை நேரிடும் வாய்ப்பு கூடுதல். எடை குறைந்தவர்களுக்கோ குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் நேரிடலாம். ஆனாலும் கர்ப்பமானபின் எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்கலாகாது. கர்ப்பிணிகள் நீண்ட உபவாசத்தையும் தவிர்க்க வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டறிய, சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையா எளிய முறையொன்றைப் பரப்பினார்: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதிப்பது. வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை; 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிகிச்சை தேவை. மட்டாஞ்சேரியிலேயே பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான அரசு மருத்துவமனை உண்டு. கர்ப்பம் உறுதியானவுடன் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வேதம் காட்டும் வழி

இவையெல்லாம் விசுவாசக் குறைவா? நியாயாதிபதிகள் 13ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். மனோவாவின் மனைவிக்குப் பிள்ளையை வாக்குப்பண்ணின தூதனானவர், அவள் எதைப் புசிக்கலாகாது, எதைக் குடிக்கலாகாது என்பதையும் சொன்னார். தாயாகப்போகிறவளின் ஆகாரத்தைக் குறித்துத் தேவன் அக்கறையுள்ளவர். அன்னாள் மனக்கிலேசத்தினால் சாப்பிடாமல் அழுதாள். ஆனால் ஜெபித்து எழுந்தபின் போய்ப் புசித்தாள். அதன்பின்னரே அவள் கர்ப்பவதியானதை வாசிக்கிறோம். ஜெபத்தையும் ஆகாரத்தையும் அவள் எதிரெதிராக வைக்கவில்லை.

எடை சரியாயிருந்தும் பிள்ளையில்லாதோர் உண்டு. அதிக எடையிலும் பெற்றோர் உண்டு. எனவே ஒரு சகோதரியின் சரீரத்தைப் பார்த்து யாரும் அவளைக் குற்றப்படுத்தலாகாது. சபையாரே, அந்தக் கேள்வியை இனி நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, மாலையில் அவளோடு சேர்ந்து நடந்து செல்லுங்கள்.

காத்திருக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் கர்த்தர் தாமே பெலப்படுத்தி நடத்துவாராக. ஆமென்.