வாடகைக்குக் கொடுக்கும் முன் எழுதி வைப்போம்



நம்ம மீன்சுருட்டி பக்கம் நெல்லும் உண்டு, முந்திரியும் உண்டு. கல்யாணம், காதுகுத்துக்கும் குறைவில்லை. மருந்து தெளிக்கும் மெஷின், களையெடுக்கும் மெஷின், பந்தல், பாத்திரம், நாற்காலி என்று வாங்கி வாடகைக்கு விடுவது குழுக்களுக்கு ஏற்ற தொழில்தான். ஆனால் அது கடன் எடுத்து வாங்கிய பொருள். அண்டா நெளிந்து வந்தாலும் மாதத் தவணை நிற்காது. "தெரிஞ்சவங்கதானே, எழுத்து எதுக்கு?" என்று விட்டால் பொருளும் போகும், உறவும் போகும்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், ஒருவர் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைப்பது பற்றி 148 முதல் 171 வரை பிரிவுகள் உள்ளன. அதில் கொடுப்பவருக்கும் கடமை உண்டு, எடுப்பவருக்கும் கடமை உண்டு. நாம் எழுதும் நிபந்தனையும் இரண்டு பேருக்கும் நியாயமாக இருக்க வேண்டும்.

1. பொருளின் நிலை: எத்தனை உருப்படி, எதில் கீறல், எதில் ஓட்டை என்று கொடுக்கும்போதே எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மெஷினை ஓட்டிக் காட்டிக் கொடுங்கள். வாடகைப் பொருளின் பழுதால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அந்தப் பழுது நமக்குத் தெரியாமல் இருந்தாலும் நாம்தான் பொறுப்பு (பிரிவு 150).

2. வாடகையும் முன்பணமும்: நாள் கணக்கா, மணிக் கணக்கா? டீசல், ஏற்றுகூலி யாருடையது? மழையால் வேலை நின்றால் வாடகை உண்டா? முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும்? எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதுங்கள்.

3. சேதம்: எடுப்பவர் தன் சொந்தப் பொருளைப் போல் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தும் சேதமானால், தனியாக வேறு நிபந்தனை இல்லாதவரை அவர் பொறுப்பில்லை (பிரிவுகள் 151, 152). புழக்கத்தில் வரும் தேய்மானம் நம்முடையது; தொலைத்தால், கவனக்குறைவால் உடைத்தால் அவருடையது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று பட்டியல் போட்டுக் காட்டிவிடுங்கள்.

4. கைமாற்றுவது: எடுத்தவர் நம்மைக் கேட்காமல் அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதுங்கள். நிபந்தனையை மீறிப் பயன்படுத்தினால், அதனால் வரும் சேதத்துக்கு அவரே பொறுப்பு (பிரிவு 154).

5. தாமதம்: திருப்பித் தரும் நாளையும் நேரத்தையும் குறியுங்கள். தன் தவறால் அந்த நேரத்தில் தராவிட்டால், அதன் பிறகு ஏற்படும் இழப்புக்கு எடுத்தவர் பொறுப்பு (பிரிவு 161). அதற்காக அபராதத்தை இஷ்டத்துக்கு எழுதாதீர்கள். பெரிய தொகை எழுதி வைத்தாலும், அதற்கு உட்பட்டு நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் (பிரிவு 74). தாமதமான ஒரு நாளுக்கு ஒரு நாள் வாடகை என்பது யாரும் ஒத்துக்கொள்ளும் கணக்கு.

வாடகை விகிதத்தைக் குழுக் கூட்டத்தில் முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். உறுப்பினருக்குச் சலுகை என்றால் எல்லா உறுப்பினருக்கும் ஒரே சலுகை. தலைவி வீட்டு விசேஷத்துக்கும் அதே ரசீதுதான். படிக்கத் தெரியாதவங்களுக்கு நிபந்தனைகளை வாய்விட்டு வாசித்துச் சொல்லி, புரிந்த பிறகே கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள். ஒரு பிரதி அவருக்கு, ஒரு பிரதி நமக்கு.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்து, உங்கள் பொருளுக்கு ஏற்றபடி ஒரு பக்கத்தில் நிபந்தனைகளை எழுதிப் பாருங்கள். நாமே அந்தப் பொருளை வாடகைக்கு எடுத்தால் இதில் கையெழுத்துப் போடுவோமா என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். "போடுவோம்" என்று எல்லோரும் சொன்னால், அதுதான் நியாயமான ஒப்பந்தம்.