தலையற்ற உருவங்களிலிருந்து தாமரைக் குளம் வரை

பொன்முடியை ஒட்டிய மலைகளில் பிறக்கும் வாமனபுரம் ஆறு, கடலை நோக்கிச் செல்லும் வழியில் ஆற்றிங்கலை ஒட்டிப் பாய்கிறது. அவ்வூரில் 1935ஆம் ஆண்டு பிறந்தவர் ஓவியர் ஏ. ராமச்சந்திரன். மலையாள இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். கருநாடக இசை பயின்று வானொலியில் பாடியவர். பின்னர் சாந்திநிகேதன் சென்று ராம்கிங்கர் பெய்ஜ் முதலிய ஆசான்களிடம் ஓவியம் கற்றார்.

பிரிவினையால் வீடிழந்து கல்கத்தா வீதிகளில் கிடந்த மக்களின் துயரமே அவருடைய தொடக்ககால ஓவியங்களின் கரு. முறுக்கிய உடல்கள், தலையற்ற உருவங்கள், சுவரையே நிறைக்கும் பெருந்திரைகள். இவ்வகை ஓவியத்தை வெளிப்பாட்டியம் என்பர். கண் கண்டதை அப்படியே பதியாமல், மனம் உணர்ந்தவாறு உருவத்தை வளைப்பது அதன் இயல்பு. அளவுக்கு மீறி நீண்ட கையைக் கண்டு, ஓவியருக்கு உடற்கூறு தெரியாதோ என ஐயுற வேண்டியதில்லை. வலி எவ்வளவோ, அவ்வளவு நீளம்.

1965 முதல் தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1969, 1973 ஆகிய ஆண்டுகளில் லலித் கலா அகாதெமியின் தேசிய விருது கிடைத்தது. துயரத்தின் ஓவியர் என்னும் பெயர் நிலைத்துவிட்ட நிலையில், 1984 வந்தது. தில்லிக் கலவரத்தின்போது சீக்கியர் ஒருவரைக் கும்பல் அடித்துக் கொன்றதைக் கண்ணெதிரே கண்டதாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். அதன்பின் வன்முறையைத் தீட்ட அவருக்கு மனம் வரவில்லை. பிறர் வேதனையை அழகிய சட்டத்துக்குள் மாட்டிவைப்பது முறைதானா என்பது எளிதில் விடை காணக்கூடிய வினாவன்று.

1984 முதல் 1986 வரை அவர் தீட்டிய ‘யயாதி’, 12 பகுதிகளாய் 60 அடி நீளம் விரிவது. முதுமையை மகனுக்குக் கொடுத்து இளமையைக் கேட்டுப்பெற்ற மகாபாரத மன்னனின் கதை, ராஜஸ்தானத்து நாடோடிக் கொல்லர் குலப் பெண்களின் சாயலில் அதில் உருப்பெற்றது. கேரளக் கோயில் சுவரோவியங்களை முன்பே ஆராய்ந்திருந்த பயிற்சி, அதன் கோட்டிலும் நிறத்திலும் தெரிகிறது. காலத்தின் துயருக்கு அவர் முதுகு காட்டிவிட்டார் என்று சிலர் கடிந்துகொண்டனர். அவரோ உதயப்பூரை அடுத்த பில் பழங்குடியினரின் ஊர்களுக்கும் தாமரைக் குளங்களுக்கும் ஆண்டுதோறும் சென்று, வரைந்துகொண்டேயிருந்தார்.

2005இல் பத்ம பூஷண் பெற்ற அவர், 2024 பிப்ரவரியில் மறைந்தார். தமிழக வாசகர்கள் அவரது கைவண்ணத்தைக் காணத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூர் ராஜீவ் காந்தி நினைவிடத்தின் கருங்கல் புடைப்புச் சிற்பம் அவர் வடிவமைத்ததே. அவருடைய பிற்கால ஓவியங்களைக் காண நேர்ந்தால் ஓரங்களையும் கவனியுங்கள். ஆமையாகவோ வண்டாகவோ வௌவாலாகவோ தம் முகத்தையே அங்கே ஒளித்துவைத்திருப்பார்.