நில ஆர்ஜித நோட்டீஸ் வந்தால்...

சாலை, ரயில் பாதை, தொழிற்பேட்டை போன்ற பொதுப் பணிகளுக்கு விவசாயிகளின் பட்டா நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் இந்த அதிகாரத்துக்கு எல்லை உண்டு. 1978-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சொத்துரிமை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கப்பட்டது. எனினும், சட்டத்தின் வழியாக அன்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 300-ஏ பிரிவு கூறுகிறது. முன்னறிவிப்பு, ஆட்சேபணை கேட்டல், பொது நோக்கம், நியாயமான இழப்பீடு ஆகியவை இந்த உரிமையில் அடங்கும் என 2024-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எந்தச் சட்டம்?

நோட்டீசில் முதலில் பார்க்க வேண்டியது, நிலம் எந்தச் சட்டத்தின் கீழ் எடுக்கப்படுகிறது என்பதே. 2014 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள மத்திய அரசின் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக முதலில் சமூகத் தாக்க ஆய்வு நடத்த வேண்டும். தனியார் கம்பெனிக்கு நிலம் எடுப்பதானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதமும், அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் திட்டமானால் 70 சதவீதமும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம், 2001-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் ஆகியவற்றின் கீழ் எடுத்தால் இந்த ஆய்வும் சம்மதமும் தேவையில்லை. இச்சட்டங்கள் செல்லாது என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் அவற்றுக்கு உயிரூட்ட மாநில அரசு இயற்றிய புதிய சட்டம் செல்லும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் இழப்பீட்டை மட்டும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படியே கணக்கிட வேண்டும். தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்துக்கும் அவ்வாறே.

கெடு தவறக் கூடாது

ஆட்சேபணை தெரிவிக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 60 நாள் அவகாசம் உண்டு. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 21 நாள் மட்டுமே. வாய்மொழியாகச் சொன்னால் போதாது. சர்வே எண், கிணறு, ஆழ்குழாய், மரங்கள், ஆண்டுக்கு எத்தனை போகம், மீதி நிலத்துக்கு வழியும் வாய்க்காலும் அடைபடுமா, அருகில் தரிசு நிலம் இருக்கிறதா என்பதை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும்.

இழப்பீட்டுக் கணக்கு

சந்தை மதிப்பைக் கிராமப்புறத்தில் 1 முதல் 2 வரையிலான எண்ணால் பெருக்குவர். கிணறு, மரம், கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைச் சேர்த்து, வரும் தொகைக்குச் சமமான ஆறுதல் தொகையும் தர வேண்டும். உதாரணமாக, நிலம் 10 லட்சம், கிணறும் மரங்களும் 2 லட்சம், பெருக்கும் எண் 1 என்றால் மொத்தம் 24 லட்சம் ரூபாய்.

அரசின் வழிகாட்டி மதிப்பும் அக்கம்பக்கத்துக் கிரையப் பத்திரங்களும் சந்தை மதிப்புக்கு ஆதாரம். பத்திரச் செலவை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்து எழுதும் பழக்கம், பின்னாளில் ஊருக்கே நஷ்டமாக முடியும்.

தொகை போதாது என்று கருதுவோர், ஆட்சேபணையுடன் பெறுவதாக எழுதிக் கொடுத்தே பணம் வாங்க வேண்டும். அப்படி எழுதாமல் வாங்கியவர் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கூடுதல் இழப்பீடு கோர முடியாது. இழப்பீட்டு உத்தரவு பிறப்பிக்கும்போது நேரில் இருந்தவர் 6 வாரத்துக்குள் மனுச் செய்ய வேண்டும்.

பாட்டனார் பெயரிலேயே பட்டா இருந்தால் நோட்டீசும் பணமும் உரியவருக்கு வந்து சேர்வது கடினம். நோட்டீஸ் வரும்வரை காத்திராமல், வாரிசுகள் இப்போதே பட்டாவைத் தங்கள் பெயருக்கு மாற்றி, அடங்கலில் பயிரும் மரமும் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.