சினை முயலுக்கும் பாலூட்டும் முயலுக்கும் உரிய துணை ஆகாரங்கள்

சிறு முதலில் நடத்தத்தக்க உபதொழில்களுள் முயல் வளர்ப்பும் ஒன்றாகும். ஈன்ற குட்டிகள் கண் திறக்குமுன் மடிந்துபோவது இத்தொழிலில் பெருநஷ்டத்தை விளைவிக்கிறது. அவ்வாறு நேர்ந்தவுடன் கடையிற் கிடைக்கும் சத்து மருந்துகளை வாங்கிக் கொடுக்கப் பலர் முற்படுகின்றனர். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பிரதேசத்துக் குடியானவர்கள் அச்செலவைச் செய்யுமுன் கவனிக்க வேண்டியவை மூன்று. அவை ஆகாரம் கொடுக்கும் காலம், பிண்ணாக்கின் தரம், குடிநீர் என்பனவாம்.

முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாட்கள். கருவின் வளர்ச்சியிற் பெரும்பகுதி கடைசிப் பத்து நாட்களில் நிகழ்கிறது. தாய் முயல் பெரும்பாலும் நாளொன்றுக்கு ஒரே முறை, சில நிமிஷங்கள் மாத்திரமே பாலூட்டும். எனினும் அப்பாலில் புரதச் சத்து பசும்பாலிலுள்ளதைப்போல் மும்மடங்குக்கு மேலிருக்கிறது. ஈன்ற மூன்றாவது வாரத்தில் பால் உச்சநிலையை அடையும். இச்சத்து முழுவதும் ஆகாரத்திலிருந்து வரவேண்டும். இன்றேல் தாயின் உடல் உருகும்.

4 அல்லது 5 கிலோ எடையுள்ள பெண் முயலுக்குச் சாதாரண காலத்தில் அடர்தீவனம் 100 கிராமும் பசுந்தழை 300 கிராமும் போதும். சினையின் முதல் இருபது நாட்களும் இவ்வளவே கொடுக்கலாம். அக்காலத்தில் மிகுதியாய் ஊட்டினால் முயல் கொழுத்து, ஈனுந்தறுவாயில் நோயுறும். கடைசிப் பத்து நாட்களில் அடர்தீவனத்தை 150 கிராமாக உயர்த்தி, தழையை 150 கிராமாகக் குறைக்க வேண்டும். தழையால் வயிறு நிரம்பிவிட்டால் தீவனத்துக்கு இடமிராது என்பதே இதன் காரணம். ஈனும் நாளில் தீவனத்தைச் சற்றுக் குறைத்து, பின் ஒரு வாரத்திற்குள் படிப்படியாய் ஏற்றுக. குட்டிகள் அதிகமாயிருப்பின் தின்னுமளவுக்கு இன்னும் கூட்டலாம்.

பாலூட்டும் முயலுக்குரிய கலவையை வீட்டிலேயே தயாரிக்கலாம். 100 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 25, உடைத்த கம்பு 25, வேர்க்கடலைப் பிண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 28, தாது உப்புக் கலவை 1½, சாதாரண உப்பு ½ கிலோ வீதம் சேர்க்க வேண்டும். தழைக்கு வேலிமசால், குதிரைமசால், அகத்தி, கலியாண முருங்கை ஆகியவை ஏற்றவை.

வேர்க்கடலை நம் பக்கத்து விளைபொருளாதலின் பிண்ணாக்கு எளிதிற் கிடைக்கிறது. ஆனால் ஈரம் தாக்கிய பிண்ணாக்கிற் பூசணம் பற்றி, அப்ளாடாக்ஸின் என்னும் விஷம் உண்டாகிறது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, அவற்றுக்கிட்ட கடலைப் பிண்ணாக்கே காரணமென ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. இவ்விஷத்தைத் தாங்கும் சக்தி முயலுக்கு மிகக் குறைவு. வெயிலில் உலர்த்தினால் ஈரம் போகுமேயன்றி, உண்டான விஷம் முற்றும் நீங்காது. ஆகவே பூசண வாசனையுள்ள பிண்ணாக்கை மலிவென்று வாங்குதல் கூடாது. நல்ல பிண்ணாக்கையும் தரையில் வையாது, பலகைமேல் உலர்ந்த இடத்தில் வைத்துச் சீக்கிரம் செலவிட வேண்டும்.

அடுத்தது குடிநீர். பாலூட்டும் முயல் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேலும் நீர் அருந்தும். நீர் குறைந்தால் தீவனம் குறையும். தீவனம் குறைந்தால் பால் குறையும். தாகத்தால் வருந்தும் தாய் சில சமயம் தன் குட்டிகளையே கடித்துவிடுவதுண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகையின் கிணறுகள் பல கெட்டுள்ளன என்பது யாவரும் அறிந்ததே. இத்தொழிற்சாலைப் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முற்றிலுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்றென்னும் கணக்கு, 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. 2025 ஜனவரி 30-இல் அந்நீதிமன்றம் இவ்விஷயமாய் மீண்டும் தீர்ப்பளித்தது. மனிதர் குடிக்கவொண்ணாத கிணற்று நீரைத் தாய் முயலுக்கு வைக்கலாகாது. காவிரிக் கூட்டுக் குடிநீரோ, தேக்கிய மழைநீரோ கொடுப்பது நலம். கரிக்கும் நீரைக் கொடுத்துக்கொண்டு, சத்து மருந்து வாங்குவதனால் பிரயோஜனமில்லை.

இனி, உயிர்ச்சத்துக்களைப்பற்றிச் சில வார்த்தைகள். முயல் இரவிலும் விடியலிலும் தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்னும். இது நோயன்று, பி வகை உயிர்ச்சத்துக்கள் அதனால் கிடைக்கின்றன. பசுந்தழை தவறாது கிடைக்கும் முயலுக்கு ஏ உயிர்ச்சத்துக் குறைவு உண்டாவது அரிது. அது குறைந்தாலும் மிஞ்சினாலும் கரு கலையவும், குட்டிகள் ஊனமாய்ப் பிறக்கவும் கூடும். டி உயிர்ச்சத்து மிஞ்சினால் இரத்தக் குழாய்களிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படியும். எனவே கால்நடை மருத்துவர் குறித்தாலன்றி இவ்வகைத் துளிகளைக் கொடுத்தல் ஆகாது.

கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் முயல்கள் குளிர்ந்த சுவாத்தியத்தில் வளர்கின்றன. நம் மாவட்டங்களிலோ கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுகிறது. உஷ்ணத்தில் முயல் தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆண் முயலின் வீரியமும் குன்றும். ஆதலின் சித்திரை முதல் ஆனி வரை சினை சேர்ப்பதை நிறுத்தி, மற்றக் காலங்களில் தீவனத்தை விடியற்காலையிலும் அந்தியிலும் இடுக.

கிராம அலுவலர்கள் தத்தம் ஊர்களில் முயல் வளர்ப்போரின் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்ப உதவி செய்தால், அது அவர்களுக்குப் பேருபகாரமாகும். நல்ல நீரும் பூசணமற்ற பிண்ணாக்கும் காலமறிந்து கொடுக்கப்படுமாயின், குட்டிகள் பிழைப்பதற்கு வேறு பெருஞ்செலவு வேண்டுவதில்லை.