சம்மர் கேம்ப் நடத்துறீங்களா? லேப்டாப் வாடகைக்கு எடுக்கும் முன் இதைப் பாருங்க!

கோடை விடுமுறை வந்தாலே 'கோடிங், ரோபோ கத்துக்கலாம்' என்று நோட்டீஸ் பறக்கும். ஆனால் 20 பிள்ளைகளுக்கு 5 லேப்டாப்தான் இருக்கிறது என்றால், மற்றவர்கள் என்ன செய்வார்கள்? திட்டமிடல் இங்கிருந்துதான் தொடங்கணும்.

ஆளுக்கொரு லேப்டாப் வேணுமா?

தேவையில்லை. ஒரு லேப்டாப்புக்கு இரண்டு பேர். ஒருவர் மவுஸ் பிடித்தால், மற்றவர் அடுத்து என்ன செய்யணும்னு சொல்லட்டும். 10 நிமிடத்தில் மாறிக்கொள்ளட்டும். மீதி 10 பேர் தங்கள் கேமுக்கான கதையைத் தாளில் வரையலாம். பிறகு இரு குழுவும் இடம் மாறலாம்.

நெட் போயிட்டா?

எம்ஐடி மீடியா லேப் உருவாக்கிய 'ஸ்க்ராட்ச்' இலவசம். 8 முதல் 16 வயதினருக்கானது. முந்தைய நாளே இன்ஸ்டால் செய்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். 5 முதல் 7 வயதுக்கு 'ஸ்க்ராட்ச் ஜூனியர்' இருக்கிறது.

போட்டோ போடலாமா?

இங்கேதான் கவனம் தேவை. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகளே. அவர்களின் தரவைக் கையாள பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். எனவே சேர்க்கைப் படிவத்திலேயே போட்டோவுக்குத் தனியாக அனுமதி கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் பிள்ளையை ஒதுக்க வேண்டாம். அவர்கள் செய்ததை மட்டும் படம் எடுங்கள். பெயர், பள்ளி விவரம் போடாதீர்கள்.

பெற்றோர் என்ன கேட்கணும்?

'ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஸ்கிரீன் முன்னாடி இருப்பாங்க?' இதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால், பணம் கட்டும் முன் யோசிங்க!